சமதர்மப் பாட்டும் புத்தகமும் ஒரே அலமாரியில்: காரைக்குடிப் பழம்புத்தகக் கடை ஒன்றின் மதிப்புரை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் ஆன்டிக் கடைகளுக்கு வெளியூர்க்காரர்கள் பெட்டகமும் எனாமல் பாத்திரமும் ரவிவர்மா படமும் தேடி வருகிறார்கள். அந்தத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத பழைய வீட்டின் முகப்பைக் கடந்து உள்ளே சென்றால், வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் முழுவதும் அச்சுக் காகிதமும் இசைத்தட்டும் ஒலிநாடாவும் மட்டுமே விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பழைய திருமண அழைப்பிதழ்கள், ரங்கூன் கணக்கேடுகள், நாடக நோட்டீசுகள் என்று அங்கே பலவும் உண்டு. இந்த மதிப்புரை, மேற்குப் பக்க அறையில் நிற்கும் இரண்டு தேக்கு அலமாரிகளைப் பற்றியது. பொதுவுடைமை இயக்கத்தின் பாட்டுப் புத்தகங்கள், இதழ்கள், நாவல்கள், மாஸ்கோவிலிருந்து வந்த மொழிபெயர்ப்புகள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றுக்கென்றே அவை ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

பாட்டும் புத்தகமும் ஒரே அலமாரியில் இருப்பதுதான் இந்தக் கடையின் முதற்சிறப்பு. நூலகங்களில் நாவல் ஓரிடத்திலும் கவிதை வேறிடத்திலும் வைக்கப்படுகின்றன; பாட்டுப் புத்தகத்தை யாரும் நூலாகவே கருதுவதில்லை; ஒலிநாடாவுக்கோ பெரும்பாலும் இடமே கிடையாது. இயக்கத்தை நடத்தியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. தலைவர் வரும்வரை மேடையில் பாட்டு நடந்தது. கூட்டம் கலையும்போது மைதானத்தின் ஓரத்தில் விரித்த துணியின்மேல் புத்தகம் விற்றது. பாட்டு முன்னே சென்று வழி திறந்தது, புத்தகம் பின்னே வந்து ஊரில் தங்கியது என்பது நெடுநாளாக என் எண்ணம். இந்த அலமாரிகளின் முன் நின்றபோது அது உறுதிப்பட்டது.

மேல் தட்டில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அளவில் 16 அல்லது 32 பக்கங்கள் கொண்டவை, அட்டை சாணித்தாள், பின் துருப்பிடித்து அதைச் சுற்றிக் காகிதம் பழுத்திருக்கிறது. விலை அணாக் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்குக் கீழும் அது எந்த நாடகப் பாட்டின் அல்லது சினிமாப் பாட்டின் மெட்டில் பாடப்பட வேண்டும் என்ற குறிப்பு இருப்பதைத்தான் வாங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். சுரக்குறிப்பு எழுதினால் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் மெட்டின் பெயரைச் சொன்னால் களத்துமேட்டில் நிற்கும் சிறுவனுக்கும் பாட்டு வந்துவிடும். இந்த வழியைப் பொதுவுடைமையர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. விசுவநாததாசும் மதுரகவி பாஸ்கரதாசும் வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே நாடக மேடையில் தேசியப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். அடுத்த தலைமுறை அதே மெட்டுகளில் கூலியையும் குத்தகையையும் வைத்துப் பாடியது.

நான் வாங்கிய ஒரு பாட்டுப் புத்தகத்தில், ஆலைத் தொழிலாளரைப் பற்றிய பாட்டொன்றில் ‘மில்’ என்று வந்த இடங்களையெல்லாம் யாரோ பென்சிலால் அடித்து, மேலே ‘தறி’ என்று எழுதியிருக்கிறார்கள். ஓரடியில் அசை இடித்ததால் அடுத்த சொல்லையும் மாற்றியிருக்கிறார்கள். காரைக்குடியும் சுற்று வட்டாரமும் கண்டாங்கிச் சேலை நெய்யும் ஊர்கள். கோவையிலோ மதுரையிலோ பிறந்த பாட்டு இங்கே வந்தபோது, பாடுகிறவர் அதை இந்த ஊர் நெசவாளருக்கான பாட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அந்தப் பென்சில் எழுத்தை நான் புரிந்துகொள்கிறேன். அச்சேறிய கவிதையை அப்படித் திருத்த எவருக்கும் மனம் வராது. இயக்கப் பாட்டு முழுமையாக அதைப் பாடுகிறவருக்கே உரியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். நிலமற்ற கூலி விவசாயிகளிடையே அந்த எண்ணிக்கை இன்னும் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். அத்தகைய மக்களிடம் ஓர் இயக்கம் துண்டறிக்கையோடு மட்டும் போயிருந்தால், படித்தவர்களைக் கடந்து ஓரடி நகர்ந்திருக்காது. 1940-களில் தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்களிடையே விவசாயிகள் சங்கத்தைக் கட்டிய பி. சீனிவாசராவ், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்ட சவுக்கடிக்கும், குடிக்க வைத்த சாணிப்பாலுக்கும் எதிராக அங்கே எழுந்த போராட்டத்தில் நடவுப் பாட்டும் கும்மியும் தெம்மாங்கும் சங்கத்தின் குரலாக மாறியதற்குக் காரணம், அவை ஏற்கெனவே அந்த வயல்களில் பாடப்பட்டுக்கொண்டிருந்தன என்பதே. பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த 1940-களின் இறுதி ஆண்டுகளில் அச்சகத்துக்குப் பூட்டுப் போட முடிந்தது, புத்தகத்தைப் பறிமுதல் செய்ய முடிந்தது. மனப்பாடமாக இருந்த பாட்டை எந்தக் காவலராலும் கைப்பற்ற முடியவில்லை.

இரண்டாவது சிறப்பு, கேட்டுப் பார்த்து வாங்கும் ஏற்பாடு. அலமாரிக்குப் பக்கத்தில் பழைய இரட்டை டெக் டேப் ரிக்கார்டர் ஒன்றும், சாய்ந்து உட்கார ஒரு மரப்பெஞ்சும் இருக்கின்றன. “போட்டுக் கேட்டுட்டு எடுங்க தம்பி, நாடா இழுத்துச்சுன்னா காசு வேண்டாம்” என்று கடைக்காரர் ஐயா சொல்கிறார். அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்கிறார். நான் எடுத்த ஒலிநாடாக்களில் ஒன்று இரண்டாம் பக்கம் முழுவதும் இழுத்தது. அதை அவரே திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். காகிதத்தில் தட்டையாகத் தெரிந்த ஓர் அடி, பறையோடு பாடிக் கேட்கும்போது, ஒவ்வொரு அடியின் முடிவிலும் கூட்டம் சேர்ந்து பாடுவதற்கென்றே விடப்பட்ட இடைவெளியோடு எழுதப்பட்டது என்பது புலனாகிறது. அந்த இடைவெளி தெரியாமல் இந்தப் பாட்டுகளைக் கவிதையாக மட்டும் மதிப்பிட்டுக் குறைசொன்ன விமர்சகர்கள் பலர். அவர்கள் கேட்காமலே தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒலிநாடாக்களில் இந்த மண்ணுக்கு நெருக்கமானவை கே. ஏ. குணசேகரனின் பாடல்கள். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்து, நாட்டுப்புறப் பாடல்களை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசென்றவர் அவர். 44 உயிர்கள் எரிக்கப்பட்ட 1968 கீழவெண்மணிக் கொடுமையை நெஞ்சில் வைத்துக் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை அவர் குரலில் கேட்டவர்களுக்கு, இலக்கியமும் இசையும் அரசியலும் எந்த இடத்தில் ஒன்றாகின்றன என்று தனியே விளக்க வேண்டியதில்லை. இருவரும் 2016ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்கள். வர்க்கத்தைப் பாடிய இயக்கம் சாதியைப் போதிய அழுத்தத்தோடு பாடவில்லை என்ற நியாயமான குறையை அந்தப் பாட்டு நேருக்கு நேர் எதிர்கொண்டது. அதனால்தான் கட்சி எல்லைகளைத் தாண்டி இன்றும் அது பாடப்படுகிறது.

பாவலர் வரதராசன் பாடல்களின் பதிவு எதுவும் இங்கே இல்லை. அவர் பெயரால் வந்த பாட்டுப் புத்தகம் கிடைக்கிறது. பண்ணைப்புரத்துக்காரரான அவர் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடிய பாட்டுகள், பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசின் வெற்றிக்குப் பெருந்துணையாக இருந்தன. அந்த வெற்றி கேரளத்தின் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான பொதுவுடைமை அரசுக்கு மிகவும் தேவைப்பட்ட வெற்றி. மக்களுக்குப் பிடித்துப்போன சினிமா மெட்டுகளில் அரசியலை வைத்துப் பாடியதுதான் பாவலரின் பலம். அந்த மேடைகளில் அண்ணனோடு ஆர்மோனியம் வாசித்துப் பாடித் திரிந்த தம்பிதான் பின்னாளின் இளையராஜா என்பதைப் பலரும் அறிவர். ஒரு பெரும் இசையமைப்பாளருக்கு எந்த அடி எந்த மக்களிடம் எடுபடும் என்ற அறிவைப் பொதுவுடைமை மேடைதான் முதலில் கொடுத்தது என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இதற்கு வேறொரு திசையில் சென்றவர் எம். பி. சீனிவாசன். 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்த இவர், பல குரல்கள் சேர்ந்து பாடும் சேர்ந்திசையைத் தமிழ் இளைஞர்களுக்குப் பயிற்றுவித்தார். ஒரே பாட்டில் வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு வரிசையில் நடந்து ஓரிடத்தில் கூடுவது நமக்குப் பழக்கமான இசை அன்று. தனிப் பாடகரின் திறமையை நம்பாமல், சுமாராகப் பாடுகிற நாற்பது பேரைக் கொண்டே நல்ல இசையை உருவாக்கலாம் என்ற அந்த எண்ணமே சமதர்ம எண்ணம்தான். உலகத் தொழிலாளர் கீதமான ‘இன்டர்நேஷனல்’ பாட்டின் கதையும் அப்படிப்பட்டதே. பாரிஸ் கம்யூன் என்ற தொழிலாளர் அரசு வீழ்ந்த 1871இல் யூஜீன் பொத்தியே எழுதிய கவிதைக்கு, 1888இல் லீல் நகரத் தொழிலாளர் பாடகர் குழுவுக்காகப் பியேர் தெகெய்தேர் என்ற தொழிலாளி மெட்டமைத்தார். மெட்டு வந்த பிறகுதான் அது நாடுகளைத் தாண்டியது. சேர்ந்திசை வகையில் கடையின் இருப்பு மிகக் குறைவு. ஆர்வமுள்ளவர்கள் சென்னையில் தேடிக்கொள்வதே நல்லது.

கீழ்த்தட்டுகளில் புத்தகங்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் வெளியிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக விற்கப்பட்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள் பளபளப்புக் குறையாமல் இருக்கின்றன. எங்கள் தலைமுறையில் ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாள் பள்ளி நோட்டுக்கு அட்டை போடத்தான் பல வீடுகளுக்குள் வந்தது. ஆனாலும் அட்டைக்குள் இருந்த கதைகள் சும்மா கிடக்கவில்லை. இரண்டு ரூபாய், மூன்று ரூபாய்க்கு டால்ஸ்டாயும் கார்க்கியும் கிடைத்த காலத்தில், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உலக இலக்கியத்தைச் சொந்தமாக வைத்திருந்தார்கள். இந்த மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரான நா. தர்மராஜன் நம் சிவகங்கைக்காரர். மாஸ்கோவிலேயே தங்கிப் பணியாற்றியவர். கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கிய தொ. மு. சி. ரகுநாதன், 1953இல் தாமே எழுதிய ‘பஞ்சும் பசியும்’ நாவலின் பழைய பதிப்பும் இருக்கிறது. நூல் விலை ஏறத் தறிக்காரன் குடும்பம் எப்படிச் சிதைகிறது என்பதைச் சொல்லும் அந்த நாவலைக் கண்டாங்கிச் சேலை வாங்க வருகிறவர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். பாட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது. கோபத்தை ஓர் இரவில் பாட்டு மூட்டிவிடும். அந்தக் கோபத்துக்குக் காரணமான நூல் வியாபாரமும் கடனும் வட்டியும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதை முந்நூறு பக்கம் உட்கார்ந்து படிக்கும்போதுதான் மனம் வாங்கிக்கொள்கிறது.

ஜீவாவுக்கென்று ஒரு தட்டு முழுவதையும் ஒதுக்கியிருப்பது இந்த ஊருக்குப் பொருத்தமானது. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தம், மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன நமது சிராவயலில்தான் இளமையில் ஆசிரமம் நடத்தித் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தார். 1927இல் காந்தி அங்கே வந்து அவரைச் சந்தித்தார். பின்னர் சுயமரியாதை, அதன்பின் பொதுவுடைமை என்று அவர் நடந்த வழி நெடுகிலும் பாட்டு கூடவே வந்தது. பெண்ணுரிமைக்கும் தொழிலாளருக்கும் அவரே பாட்டெழுதினார், 1937இல் ‘ஜனசக்தி’ இதழும் 1959இல் ‘தாமரை’ இதழும் வந்தன, 1961இல் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தை அவர் தொடங்கினார். காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் ஒரு பொதுவுடைமைத் தலைவர் கம்பனைப் பேசியதைப் பலர் அன்று வியப்போடு பார்த்தார்கள். பழைய இலக்கியத்தை மேல்தட்டின் சொத்தாக விட்டுக்கொடுக்க ஜீவா ஒப்பவில்லை. கம்பனும் பாரதியும் உழைப்பவர்களுக்கும் உரியவர்கள் என்று சொன்னது, இயக்கத்துக்குள்ளேயே சிலரோடு வாதாடிப் பெற்ற நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டினால்தான், ருஷ்யப் புரட்சியைப் பாடிய பாரதி கட்சியின் சுவரிலும் மேடையிலும் நிலைபெற்றார் என்று கருதுகிறேன். பாரதி 1919 நவம்பரில் இதே காரைக்குடியின் இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது எடுத்த புகைப்படத்தின் நகல் ஒன்றும் அந்தத் தட்டுக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது.

மார்க்சிய ஆய்வாளர் நா. வானமாமலை தொகுத்த நாட்டார் பாடல் தொகுதிகள் ஜீவா தட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் வேறெதையும்விட இவற்றை முதலில் எடுக்கலாம். மக்களுக்காகப் பாட்டெழுதிய இயக்கம், மக்களிடம் ஏற்கெனவே இருந்த பாட்டுகளைத் தேடிப் போய்த் திரட்டியதும் இந்தத் தொகுதிகளின் வழியாகத்தான். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 29 வயதில் இறந்துபோன பிறகும் அவர் பாட்டு வயலில் நிற்பதற்குக் காரணம், வயலில் கேட்ட பாட்டைத் தன் காதில் வைத்துக்கொண்டே அவர் எழுதினார் என்பதுதான். அவர் நூல்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் இங்கே தேட வேண்டியதில்லை.

இனிக் குறைகள். சோவியத் புத்தகங்களைச் சிவப்பு முதுகு, பச்சை முதுகு என்று நிறவாரியாகக் கட்டி, அலங்காரத்துக்காக விடுதிகளுக்கு மொத்தமாக விற்கும் பழக்கம் இந்தக் கடையில் இருக்கிறது. நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு கட்டு அப்படிப் போயிற்று; அதில் ஒரு தொகுதியின் முதற்பாகம் போய், இரண்டாம் பாகம் அலமாரியிலேயே தங்கிவிட்டது. கடை நடக்க வேண்டும் என்பதை நான் அறிவேன். வாடகையும் மின்கட்டணமும் இலட்சியத்தால் கட்டப்படுவதில்லை. ஆனால் படிக்கத் தேடுகிறவனுக்குக் கிடைக்காமல் செய்து அலங்காரத்துக்கு விற்பது இந்தப் புத்தகங்கள் எதற்காக அச்சிடப்பட்டனவோ அதற்கு நேர் எதிரானது. குறைந்தது, பல பாகங்கள் கொண்ட நூல்களைப் பிரித்து விற்பதையாவது நிறுத்த வேண்டும்.

பாட்டுப் புத்தகங்களின் ஜெராக்ஸ் நகல்களும் மூலப் பிரதிகளும் ஒரே அடுக்கில், ஒரே விலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள் என்பது உண்மையே. எனினும் கேட்கத் தெரியாத மாணவர் ஏமாந்துபோவார். ஆண்டு குறிப்பிடப்படாத பிரதிகளுக்கு ஒரு சிறு சீட்டிலாவது, எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து எப்போது வந்தது என்று எழுதிவைப்பது பின்னாளில் ஆராய்வோருக்குப் பேருதவியாக இருக்கும். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு தனி மனிதராக நின்று திரட்டிய ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களும் இதழ்களும் நோட்டீசுகளும் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. துண்டுக் காகிதத்தையும் தூக்கி எறியாத அந்த வழக்கம் பிறந்த வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்பது அதிகம் ஆகாது.

பெண்களின் குரல் இந்த அலமாரிகளில் ஏறக்குறைய இல்லை. நாடக மேடையில் நடித்துப் பாடிப் பெயர்பெற்று, பிறகு இயக்கத்துக்கு வந்து கூட்டங்களில் பாடியும் பேசியும் சிறை சென்ற மதுரை கே. பி. ஜானகி அம்மாளைப் பற்றி ஒரு துண்டு நூல்கூட எனக்கு அகப்படவில்லை. நடவிலும் களையெடுப்பிலும் இந்தப் பாட்டுகளைப் பாடிப் பரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆனால் அட்டையில் அவர்கள் பெயர் ஒருபோதும் வரவில்லை. கடையின் குறை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அச்சிட்ட இயக்கமும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். கடைக்காரர் ஐயாவிடம் இதைச் சொன்னபோது, சுற்றுக் கிராமங்களில் பழைய பாட்டு தெரிந்த ஆச்சிகளும் அக்காமார்களும் இன்னும் இருக்கிறார்கள், பதிவுசெய்ய ஆள் இருந்தால் தாம் அழைத்துச் செல்வதாகக் கூறினார். இசை பயிலும் மாணவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்த அழைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். காலம் அதிகம் இல்லை.

விலை விவரம்: பாட்டுப் புத்தகங்கள் 80 முதல் 150 ரூபாய் வரை, ஒலிநாடா 100 ரூபாய், சோவியத் சிறுவர் நூல்கள் 400 ரூபாய்க்கு மேல், பெரிய நாவல்கள் 600 ரூபாயைத் தாண்டுகின்றன. சிறுவர் நூல்களின் விலை எனக்கு மிகையாகவே படுகிறது. நாவல்களில் பலவற்றுக்குப் புதிய பதிப்புகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன என்பதால் பழைய பிரதிதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் இங்கே வாங்கலாம். பாட்டுப் புத்தகங்களுக்கு மறுபதிப்பு கிடையாது; அவற்றுக்குச் சொல்லும் விலையைக் கொடுத்துவிடலாம். இணைய விற்பனை இல்லை, ஜிபே உண்டு. மாலையில் சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டால் டேப் ரிக்கார்டரை நிறுத்திவிடுகிறார்கள். ஆகையால் கேட்டு வாங்க விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் சென்றுவிடுவது நல்லது.